பெரிய கம்பெனி பணம் தரவில்லையா? திவால் சட்டத்துக்குள் முதல்முறை போகும் சப்ளையருக்கு

சரக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்கும் சிறு தொழில்காரரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "என்.சி.எல்.டி.யில் கேஸ் போடுங்கள், பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுவார்கள்." என்.சி.எல்.டி. என்பது கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். சில நேரம் அப்படி நடக்கவும் செய்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் திவால் மற்றும் நொடிப்புநிலைச் சட்டத்தைக் கடன் வசூல் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. கம்பெனியைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம். அது முடியாவிட்டால்தான் சொத்துகளை விற்றுப் பங்கிடுவார்கள்.

இந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதிதான். மீதிப் பாதியை 2017 முதல் வந்த தீர்ப்புகள் எழுதியிருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளை உங்கள் ஃபைல் நகரும் வரிசையிலேயே இங்கே வைத்திருக்கிறேன். வக்கீலைப் பார்க்கப் போகும் முன் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

சட்டம் கடன் கொடுத்தவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. வட்டிக்குப் பணம் கொடுத்த வங்கி போன்றவர்கள் ஃபைனான்ஷியல் கிரெடிட்டர். பிரிவு 7இன்படி மனு போடுவார்கள். சரக்கோ சேவையோ கொடுத்துவிட்டுப் பில் தொகைக்குக் காத்திருப்பவர் ஆபரேஷனல் கிரெடிட்டர். அவருக்கான வழி பிரிவு 8, 9. வீடு வாங்கப் பணம் கட்டியவர்கள் முதல் வகையில் வருகிறார்கள். 2019ஆம் ஆண்டின் பயனியர் அர்பன் தீர்ப்பு அதை உறுதிசெய்தது. லாபத்துக்காக மட்டும் பணம் போட்டு, வீடே வேண்டாம், இவ்வளவு தொகையாகத் திருப்பிக் கொடு என்று ஒப்பந்தம் போட்டவர்கள் இந்தக் கதவைத் தட்ட முடியாது என்று 2025 செப்டம்பரில் மான்சி பிரார் பெர்னாண்டஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. இந்தக் கட்டுரை இரண்டாம் வகையினருக்கானது.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். சரக்கு கொடுத்தவர் சரி, சரக்கு வாங்க முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்? அவரும் ஆபரேஷனல் கிரெடிட்டர்தான். சென்னை மெட்ரோ ரயில் வேலைக்காக விளக்குகள் ஆர்டர் செய்து, 50 லட்சம் ரூபாய் முன்பணம் போன பிறகு திட்டமே ரத்தான ஒரு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கன்சாலிடேட்டட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கன்சார்டியம் எதிர் ஹிட்ரோ எனர்ஜி என்ற அந்த வழக்கில் 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சரக்கையோ சேவையையோ கொடுத்தவர், பெற இருந்தவர் என்ற வேறுபாடு இல்லை, கடன் அதிலிருந்து பிறந்திருந்தால் போதும் என்றது நீதிமன்றம்.

தொகையையும் தேதியையும் சரிபாருங்கள்

ஒரு கோடி ரூபாய். இதற்குக் குறைந்த பாக்கிக்கு மனு போட முடியாது. முன்பு ஒரு லட்சமாக இருந்த வரம்பை 2020 மார்ச் 24 அன்று நூறு மடங்கு உயர்த்திவிட்டார்கள். ஆளுக்கு முப்பது லட்சம் பாக்கி உள்ள நான்கு சப்ளையர்கள் சேர்ந்து ஒரே மனு போடலாமா என்று கேட்பார்கள். வங்கிகள் அப்படிச் சேரலாம். பிரிவு 9இல் அதற்கு இடமில்லை. இன்வாய்ஸிலேயே தாமத வட்டி விகிதம் அச்சிடப்பட்டிருந்தால் அந்த வட்டியையும் சேர்த்து ஒரு கோடியைக் கணக்கிடலாம் என்று 2022இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. அடுத்த பில் புத்தகம் அச்சடிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

அடுத்தது காலவரம்பு. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று 2018ஆம் ஆண்டின் பி.கே. எஜுகேஷனல் தீர்ப்பு உறுதியாக்கியது. மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டதா? உடனே கைவிட்டுவிடாதீர்கள். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் பாக்கியைக் காட்டியிருந்தால், அதுவே கடனை ஒப்புக்கொண்டதாகி, அங்கிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்கலாம். 2021இல் பிஷால் ஜைஸ்வால் வழக்கில் வந்த முடிவு இது. பேலன்ஸ் ஷீட்டோடு வரும் குறிப்புகளையும் படியுங்கள். "இந்தக் கடனை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை" என்று அங்கே எழுதியிருந்தால் கதை மாறிவிடும்.

கொரோனா கால பாக்கி தனிக் கணக்கு. 2020 மார்ச் 25 தொடங்கி ஓராண்டுக்குள் தவறிய தவணைக்காக எந்தக் காலத்திலும் மனு போட முடியாது என்கிறது பிரிவு 10ஏ. சட்டத்திருத்தம் வருவதற்கு முன்பே தாக்கலான மனுவுக்கும் இது பொருந்தும் என்று 2021இல் ரமேஷ் கைமல் எதிர் சீமென்ஸ் கமேசா வழக்கில் சொல்லிவிட்டார்கள். அந்த ஓராண்டு பில்களைப் பிரித்து வைத்துவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள்.

ஒரு கோடி எட்டவில்லை என்றால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளராகவோ சேவை தருபவராகவோ இருந்தால், எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் கீழ் இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதிக் குழுவிடம் (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) போகலாம். 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி உண்டு. குழுவின் தீர்ப்பை எதிர்க்கும் வாங்குபவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். என் பார்வையில், நன்றாக ஓடிக்கொண்டே பணம் தராத கம்பெனிக்கு இதுவே சரியான இடம். வணிக நீதிமன்றமும் இருக்கிறது; அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு சொல்கிறது.

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டுங்கள்

பிரிவு 9 மனுக்களில் பெரும்பாலானவை விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மனுவுக்கு முன் பாக்கியைக் கேட்டு நீங்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதை அனுப்பும் முன்பே அந்தச் சரக்கின் தரம், அளவு, விலை, ஒப்பந்தம் பற்றி ஒரு தகராறு இருந்தால், தீர்ப்பாயம் மனுவை ஏற்காது. இதற்கான அளவுகோலை 2017 செப்டம்பரில் மொபிலாக்ஸ் எதிர் கிருசா வழக்கு வகுத்தது. தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றுக்கு வாக்குகளைத் திரட்டித் தரும் வேலை. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று சொல்லி 2015 ஜனவரியிலேயே மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸ் போனது 2016 டிசம்பரில். அந்த ஒரு மின்னஞ்சல் போதுமானதாக இருந்தது. தகராறில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பாயம் ஆராயாது. மேற்கொண்டு விசாரிக்கத் தக்க ஒரு வாதம் இருக்கிறதா, ஆதாரமே இல்லாத வெற்றுப் பேச்சா என்று மட்டும் பார்க்கும். வாதம் கடைசியில் தோற்கக்கூடியதாக இருந்தாலும்கூட, மனு அங்கேயே நின்றுவிடும்.

அதனால் நோட்டீஸ் தயாரிக்கும் முன் நீங்களே எதிர்க்கட்சி வக்கீலாக மாறி உங்கள் ஃபைலைப் படியுங்கள். அவர்களுடைய பர்ச்சேஸ் பிரிவு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், திருப்பி அனுப்பிய சரக்கின் சலான், டெபிட் நோட், "ரிஜெக்‌ஷன் அதிகமாக இருக்கிறது" என்ற ஒரு வரி மின்னஞ்சல் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள். தகராறு ஒரு பகுதி பில்லுக்கு மட்டும் என்றால் அதை விட்டுவிட்டு மீதி ஒரு கோடி தாண்டுகிறதா பாருங்கள். மொத்தத்துக்கும் தகராறு இருந்தால் இந்தச் சட்டத்தின் பக்கம் வரவே வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொலைத்துவிட்டு மறுபடி சிவில் வழக்குக்கே போக நேரிடும். தகராறு இருப்பது தெரிந்தும் மிரட்டுவதற்காக மனு போட்டதாகத் தீர்ப்பாயம் கருதினால், பிரிவு 65இன்படி ஒரு லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வரலாம்.

உங்களுக்குச் சாதகமான தாள் எது? இவ்வளவு பாக்கி என்று ஒப்புக்கொண்டு அவர்கள் கையெழுத்திட்ட பேலன்ஸ் கன்ஃபர்மேஷன். ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது அதை வாங்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் நிம்மதியாக இருப்பார்கள்.

நோட்டீஸும் மனுவும்

நோட்டீஸைப் படிவம் 3இல் அனுப்ப வேண்டும். இன்வாய்ஸ் நகலோடு அனுப்புவதானால் படிவம் 4. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். முழுநேர இயக்குநருக்கு மின்னஞ்சலும் போடலாம். வக்கீல் அனுப்பினாலும் செல்லும், பணம் வரவில்லை என்ற வங்கிச் சான்றிதழ் இல்லாததால் மட்டும் மனு விழாது என்று 2017 டிசம்பரில் மேக்வாரி பேங்க் வழக்கு இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துவைத்தது.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பத்து நாள். அதற்குள் பணம் வர வேண்டும், அல்லது தகராறு பற்றிய பதில் வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் படிவம் 5இல் மனு. கட்டணம் 2,000 ரூபாய்தான். வக்கீல் செலவு வேறு. இன்வாய்ஸ், லெட்ஜர், பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல்களான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி ஆகியவற்றின் உரிய பகுதிகளும் ஈ-வே பில் நகல்களும் வேண்டும் என்று 2022 ஜூனிலிருந்து விதி இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் இதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

எந்த ஊரில் தாக்கல் செய்வது? தொழிற்சாலை இருக்கும் ஊரைப் பார்க்காதீர்கள். ஓசூரில் ஆலை இருந்தாலும் பதிவு அலுவலகம் பெங்களூரில் என்றால் பெங்களூரு அமர்வுக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பதிவான கம்பெனிகளுக்குச் சென்னை அமர்வு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் முகவரி தெரியும். அதே இடத்தில் எந்தெந்த வங்கிக்குச் சொத்து அடமானமாக இருக்கிறது என்ற பட்டியலும் கிடைக்கும். அதையும் பாருங்கள். பிறகு பங்கீடு நடக்கும்போது உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

சமரசம் பேசுவதென்றால் மனு ஏற்கப்படும் முன்

மனு தாக்கலாகி, தீர்ப்பாயம் அதை ஏற்று உத்தரவிடும் வரை விவகாரம் உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையிலானது. பணம் வந்தால் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு மனுவைத் திரும்பப் பெறலாம். ஏற்று உத்தரவிட்ட அடுத்த கணம் அது கடன் கொடுத்த எல்லோருக்குமான நடவடிக்கையாகிவிடுகிறது.

பைஜூஸ் விவகாரம் இதற்குச் சரியான பாடம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஸ்பான்சர் பணம் சுமார் 158.9 கோடி ரூபாய்க்காக, உங்களைப்போல ஆபரேஷனல் கிரெடிட்டராகத்தான் வந்தது. 2024 ஜூலை 16 அன்று பெங்களூரு அமர்வு மனுவை ஏற்றது. இரண்டு வாரத்தில் சமரசம் ஆகி, ஆகஸ்ட் 2 அன்று சென்னையிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடவடிக்கையை முடித்துவைத்தது. கடன் கொடுத்த மற்றொரு தரப்பான கிளாஸ் டிரஸ்ட் உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் 23 அன்று சமரச உத்தரவு ரத்தானது. மனுவைத் திரும்பப் பெறச் சட்டத்தில் பிரிவு 12ஏ என்று தனி வழி இருக்கும்போது, தீர்ப்பாயம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் காட்டி அதைச் சுற்றிப் போக முடியாது என்றது தீர்ப்பு. அந்த வழியில், மனு ஏற்கப்பட்டதும் கம்பெனியை நடத்தத் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்கால நிர்வாகி மூலமாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். வங்கி போன்ற ஃபைனான்ஷியல் கிரெடிட்டர்கள் வாக்களிக்கும் கடன் கொடுத்தவர்களின் குழு அமைந்துவிட்டால் 90 சதவீத வாக்கு வேண்டும். கிரிக்கெட் வாரியத்துக்கே வந்த பணம் கையில் நிற்கவில்லை. மனு ஏற்கப்படும் முன்பே பேசி முடியுங்கள், காசோலையாக வாங்காமல் வங்கிக் கணக்கில் பணம் ஏறுவதைப் பார்த்துவிட்டு வாபஸ் வாங்குங்கள்.

வேறொருவர் போட்ட மனு ஏற்கப்பட்டால்

பெரும்பாலான சப்ளையர்கள் இந்தச் சட்டத்தைச் சந்திப்பது இப்படித்தான். வங்கி மனு போடும், கம்பெனி நிர்வாகம் இயக்குநர்கள் கையை விட்டு இடைக்கால நிர்வாகியிடம் போகும், பிரிவு 14இன்படி எல்லா வழக்குகளுக்கும் வசூலுக்கும் தடை விழும். இடைக்கால நிர்வாகி நியமனமான மூன்று நாளுக்குள் நாளிதழ்களில் அறிவிப்பு வரும். திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ.யின் இணையதளத்திலும் போடுவார்கள். எனக்கு இவ்வளவு பாக்கி என்று கோரிக்கை தர நியமன நாளிலிருந்து 14 நாள் கெடு. ஆபரேஷனல் கிரெடிட்டருக்குப் படிவம் பி, தொழிலாளிக்கும் ஊழியருக்கும் படிவம் டி.

தயவுசெய்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். தாமதக் கோரிக்கைக்கு விதிகளில் 90 நாள் வரையிலும் அதற்குக் கொஞ்சம் பின்னும் காரணம் சொல்லி நுழைய இடமிருக்கிறது. ஆனால் அது உரிமை கிடையாது. 2023 செப்டம்பரில் ஆர்.பி.எஸ். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் 287 நாள் தாமதமாக வந்த கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கம்பெனியின் கணக்கிலேயே எங்கள் பாக்கி இருக்கிறதே, நிர்வாகிக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்ற வாதம் எடுபடவில்லை. தொழில் செய்பவர் நாளிதழ் அறிவிப்பைக் கவனித்திருக்க வேண்டும் என்றார்கள். கோரிக்கை இல்லாமல், கம்பெனியை யார் எடுத்து நடத்துவது, யாருக்கு எவ்வளவு தருவது என்ற மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் உங்கள் பாக்கி அன்றோடு அழிந்துவிடும். 2021ஆம் ஆண்டின் கனஷ்யாம் மிஸ்ரா தீர்ப்பின்படி அரசுக்கு வர வேண்டிய வரிப் பாக்கிக்கும் அதே கதிதான்.

தவறான படிவத்தில் கொடுத்துவிட்டால்? கெடுவுக்குள் ஆதாரத்தோடு கொடுத்திருந்தால் பதற வேண்டாம். கிரேட்டர் நொய்டா வளர்ச்சி ஆணையம் படிவம் மாற்றிக் கொடுத்த கோரிக்கையைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டத்தையே 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

தடைக் காலத்தில் அந்தக் கம்பெனிக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். நிர்வாகி எழுத்து மூலம் ஆர்டர் கொடுத்தால் அனுப்பலாம். அந்தப் பணம் நடவடிக்கைச் செலவில் சேர்ந்து, பங்கீட்டில் எல்லோருக்கும் முன்னால் வரும். பழைய பாக்கியையும் புதிய பில்லையும் ஒரே லெட்ஜரில் கலக்காதீர்கள்.

காசோலையும் ஜாமீனும்

கையில் பவுன்ஸ் ஆன காசோலை இருந்தால் தனிப் பாதை ஒன்று திறந்திருக்கிறது. 2021 மார்ச்சில் பி. மோகன்ராஜ் எதிர் ஷா பிரதர்ஸ் வழக்கில், தடைக் காலத்தில் கம்பெனி மீதான காசோலை வழக்கு நிற்கும், ஆனால் கையெழுத்திட்ட இயக்குநர்கள் மீது நடக்கும் என்று தீர்ப்பானது. மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்றாலும் அவர்கள் பொறுப்பு போகாது என்றது 2023ஆம் ஆண்டின் அஜய்குமார் கோயங்கா தீர்ப்பு. தனிநபர் திவால் மனு போட்டுத் தடை வாங்கிக்கொண்டும் இதிலிருந்து தப்ப முடியாது என்று 2025 ஏப்ரலில் ராகேஷ் பானோட் வழக்கில் சொன்னார்கள். காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதற்குப் பின் 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். திவால் நடவடிக்கை நடக்கிறது என்று இந்த நாட்களை விட்டுவிடக் கூடாது.

கம்பெனி தராவிட்டால் நான் தருகிறேன் என்று முதலாளி தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் உயிரோடு இருக்கும். கம்பெனியின் கடன் மீட்புத் திட்டத்தில் குறைக்கப்பட்டதால் ஜாமீன் தானாகத் தீராது என்பது 2021 மே மாத லலித்குமார் ஜெயின் தீர்ப்பு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

நேராகவே சொல்கிறேன்: குறைவாக. கடன் கொடுத்தவர்களின் குழுவில் ஆபரேஷனல் கிரெடிட்டருக்கு வாக்கு இல்லை. மொத்தக் கடனில் உங்கள் வகையினரின் பாக்கி பத்து சதவீதத்தைத் தொட்டால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம், அவ்வளவுதான். 66 சதவீத வாக்கில் திட்டத்தை ஏற்பது அவர்களுடைய வணிக முடிவு, அதில் நீதிமன்றம் தலையிடாது என்று 2019 நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் முடிவானது. உங்களுக்குச் சட்டம் தரும் கீழ்வரம்பு, கம்பெனியைக் கலைத்தால் கிடைத்திருக்கும் தொகை அல்லது திட்டத்தின் தொகையைச் சட்டத்தின் வரிசைப்படி பங்கிட்டால் கிடைப்பது, இதில் எது அதிகமோ அது. பிரிவு 53இன் வரிசையில் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர், அடமானம் பெற்ற வங்கி, ஊழியர், மற்ற கடன் தந்தவர்கள், அரசு என்று எல்லோருக்கும் பின்னால்தான் சப்ளையர் வருகிறார். பல கணக்கில் அது பூஜ்யமாகவே முடிகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கம்பெனியை ஓட வைத்த சரக்கு அவர்களுடையது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான், அதை வைத்துத்தான் உங்கள் கணக்கைப் போட வேண்டும்.

காலமும் நீளும். 330 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பூஷன் பவர் அண்ட் ஸ்டீல் நடவடிக்கை 2017இல் தொடங்கியது. அதை வாங்க வந்த ஜே.எஸ்.டபிள்யூ.வின் திட்டப்படி வங்கிகளுக்கு 19,350 கோடி, ஆபரேஷனல் கிரெடிட்டர்களுக்கு 350 கோடி. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது 2025 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்து கலைக்கச் சொன்னது. ஜூலை 31 அன்று அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, செப்டம்பர் 26 அன்று திட்டம் செல்லும் என்றது. ஜெட் ஏர்வேஸில் நேர்மாறு: திட்டம் ஒப்புதலாகியும் பணம் போடப்படாததால் 2024 நவம்பரில் கலைக்க உத்தரவானது. வந்துசேராத பணத்தை நம்பிப் புதுக் கடன் வாங்காதீர்கள்.

மேல்முறையீடு

உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட எந்தத் தீர்ப்பாயமும் தர முடியாது. சென்னை அமர்வு 2019 டிசம்பர் 31 அன்று தந்த ஓர் உத்தரவு, திருச்சி சேத்தார் கம்பெனி தொடர்பானது. இலவச நகல் வரட்டும் என்று காத்திருந்ததில் காலம் கடந்துபோய், அதை எதிர்த்த மேல்முறையீடு 2021இல் வி. நாகராஜன் எதிர் எஸ்.கே.எஸ். இஸ்பாத் என்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. உத்தரவைத் திறந்த அமர்வில் வாசித்த நாளிலிருந்தே நாள் ஓடும். விசாரணை முடிந்தும் அன்று வாசிக்காமல் பிறகு இணையத்தில் ஏற்றினால், ஏற்றிய நாளிலிருந்து என்று 2023இல் ஒரு தெளிவு வந்தது. சான்றிட்ட நகல் தயாராக எடுக்கும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் நகலுக்கு விண்ணப்பித்திருந்தால்தான். உத்தரவு வந்த அன்றே விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீதை ஃபைலில் வையுங்கள்.

இந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்று 2025 ஆகஸ்ட் 12 அன்று மக்களவையில் அறிமுகமானது. நீங்கள் நோட்டீஸ் அனுப்பும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று ஐ.பி.பி.ஐ. இணையதளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வக்கீலிடம் கொண்டுபோங்கள்.